யார், எப்போது, எதை?

இந்த வாரத் தபாலில் பெரும்பாலானவை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துக் கடிதங்கள். எல்லாவற்றிலும் ஒரே கவலை: வகுப்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாத பிள்ளையின் படிப்பு. பிள்ளைகள் விஷயம் என்பதால் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

என் மகன் மூன்றாம் வகுப்பு. வாயால் கேட்டால் பாடம் முழுக்கச் சொல்கிறான். எழுதச் சொன்னால் வரிக்கு வரி தப்பு. "சோம்பேறி" என்கிறார் டீச்சர். அப்படித்தானா?
— ஒரு தாய், திருமுல்லைவாயல்

சோம்பேறிப் பிள்ளை வாயாலும் சொல்லாது. உங்கள் பையன் பாடத்தைக் கேட்கிறான், மனத்தில் வாங்குகிறான், திரும்பச் சொல்கிறான். உழைப்பு இருக்கிறது. தடை எழுத்தில்தான்.

முதல் வேலையாகக் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதால் வரும் பிழையும் உண்டு, ஒலி சரியாகக் கேட்காததால் வரும் பிழையும் உண்டு. இரண்டும் சரி என்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்றுக்கொண்டது; இது அதில் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அந்தப் பட்டியலை 21 ஆக்கியபோதுதான் டிஸ்லெக்ஸியா உள்ளிட்ட கற்றல் குறைபாடு உள்ளே வந்தது. இதைச் சீக்கிரமே கண்டறிவது பள்ளியின் கடமை என்று அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. மூன்றாம் வகுப்பில், அல்லது எட்டு வயதில் முதல்கட்டச் சோதனை செய்ய வேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். உங்கள் மகன் சரியாக அந்த வயதில் இருக்கிறான்.

டீச்சரிடம் சட்டம் பேசுவதற்கு முன்னால் அவன் நோட்டுகளோடு ஒரு மாலை உட்காருங்கள். பிழைகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். நம் எழுத்தில் "கொ" என்பது ஒரே ஒலி. எழுதும்போதோ மூன்று துண்டு. அதிலும் கொம்பு, "க"வுக்கு முன்னால் போய் நிற்கிறது. காதில் பிறகு கேட்பதைக் கை முதலில் எழுத வேண்டும். இந்த இடத்தில் தடுமாறும் பிள்ளைகள் பலர். துணைக்கால் விழுந்துபோகிறதா, கொம்பு இடம் மாறுகிறதா, புள்ளி காணாமல் போகிறதா என்று பாருங்கள். ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பக்கங்களை டீச்சர் முன்னால் விரித்து வையுங்கள். "சோம்பேறி" என்ற சொல்லுக்கு அந்த நோட்டே பதில் சொல்லிவிடும்.

சான்றிதழ் வாங்கினால் பிள்ளைமேல் முத்திரை விழுந்துவிடாதா?
— ஒரு தந்தை, ஆவடி

முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது. "மக்கு", "திமிர் பிடித்தவன்" என்று வகுப்பு அவனுக்குப் பெயர் வைத்திருக்கும். அதைவிட மருத்துவர் எழுதும் பெயர் மரியாதையானது, பயனுள்ளதும்கூட. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்கிப் பீரோவில் வையுங்கள். வேண்டும்போது எடுக்கலாம், ஊருக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

சான்றிதழ் வந்தால்தான் உதவி செய்ய முடியும் என்கிறது பள்ளி. அதுவரை?
— ஒரு தாய், கொரட்டூர்

பொதுத்தேர்வுச் சலுகைக்கும் அரசு உதவித்தொகைக்கும் சான்றிதழ் வேண்டும். முன்பெஞ்சில் உட்கார வைக்க எந்தச் சான்றிதழும் வேண்டாம். வினாத்தாளை ஒருமுறை வாசித்துக் காட்டவும், பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து கொடுக்கவும் வேண்டாம். இன்றைக்கே தொடங்கக்கூடியதை ஒரு தாளில் எழுதிக் கேளுங்கள்.

என் மகளுக்கு ஆட்டிசம். ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் ஐ.இ.பி. என்று ஒரு தாள் கொடுத்தார்கள். "கவனம் மேம்படும், கணிதத் திறன் வளரும், பிறரோடு பழகுவாள்" என்று மூன்று வரி. இது போதுமா?
— அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர், ஒரு தந்தை

உங்கள் பட்டறைக்கு "ஷாஃப்ட் நன்றாக இருக்க வேண்டும்" என்று மட்டும் எழுதிய ஒரு டிராயிங் வந்தால் வேலையைத் தொடங்குவீர்களா? அளவு எங்கே என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள். இந்தத் தாளையும் திருப்பி அனுப்புங்கள்.

ஐ.இ.பி., அதாவது தனிநபர் கல்வித் திட்டம் என்றால் இன்றைய நிலை என்ன, எந்தத் தேதிக்குள் எது வர வேண்டும், அதற்கு யார், எப்போது, எதைச் செய்வார்கள் என்று இருக்க வேண்டும். உங்கள் மகள் விஷயத்தில் அந்த முதல் வரியை மட்டும் பிரித்துப் பார்ப்போம்.

இன்றைய நிலை: கணக்கு நோட்டைத் திறந்தால் நான்கு நிமிடம் உட்காருகிறாள், பிறகு எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுகிறாள். (இதை எண்ணித்தான் எழுத வேண்டும். மூன்று நாள் கடிகாரம் பார்த்தால் தெரிந்துவிடும்.) ஆகஸ்ட் கடைசிக்குள் வர வேண்டியது: ஐந்து நாளில் நான்கு நாளாவது, இடத்தில் உட்கார்ந்தபடி இரண்டு கணக்கை முடிப்பாள். வழி: பக்கம் நிறையக் கணக்கு இல்லாமல், ஒரு தாளுக்கு இரண்டே கணக்கு. முடித்ததும் ஓர் அட்டையை டீச்சரிடம் நீட்டுவாள்; அந்த அட்டைக்கு "தண்ணீர் குடித்து வருகிறேன்" என்று பொருள். எழுந்து போவது அவளுக்குத் தேவை. அதைத் தடுக்காமல் ஒரு நேரத்துக்குள் கொண்டுவருகிறோம். யார்: அடுத்த வாரத் தாள்களை ஸ்பெஷல் எஜுகேட்டர் வெள்ளிக்கிழமையே தயாரித்து வைப்பார், வகுப்பாசிரியர் தினமும் கொடுப்பார். சோதனை: முடித்த தாள்கள் ஒரு கோப்பில் சேரும், தேதியோடு. ஆகஸ்ட் கடைசியில் வரவில்லையா? அப்போது மாற்ற வேண்டியது வழியை. பிள்ளையைக் குறை சொல்ல அங்கே இடமில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். பள்ளி மணி எங்கே தொங்குகிறது? மணிச் சத்தம், அசெம்ப்ளி மைக், கூட்டமாகக் கத்தும் இடைவேளை, இவை ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு உடம்பில் அடி விழுவது போல வலிக்கும். அவள் ஜன்னலுக்கு ஓடுவது கணக்கை வெறுத்தா, சத்தத்திலிருந்து தப்பிக்கவா என்பது தெரியாமல் திட்டம் போட முடியாது. இடத்தை மாற்றியதுமே பாதிப் பிரச்சினை தீர்ந்துபோகிற பிள்ளைகள் உண்டு.

அமெரிக்காவில் 1975இல் வந்த சட்டம் இத்தகைய திட்டத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத வேண்டும், அதில் பெற்றோரும் உட்கார வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நம் 2016 சட்டத்தில் அந்த அளவுக்கு விரிவான நடைமுறை இல்லை. ஆனாலும் தனிப்பட்ட உதவி தர வேண்டும், ஒவ்வொரு மாற்றுத்திறனாளி மாணவரின் முன்னேற்றத்தையும் கவனித்து வர வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அளவு இல்லாத தாளை வைத்து முன்னேற்றத்தை எப்படிக் கவனிப்பது? இந்தக் கேள்வியைப் பள்ளியிடம் நிதானமாகக் கேளுங்கள்.

அரசுப் பள்ளியில் படிக்கிறான். ஸ்பெஷல் டீச்சர் நல்லவர்தான், ஆனால் எப்போதாவதுதான் வருகிறார். மற்ற நாளெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறான்.
— ஒரு பாட்டி, பட்டாபிராம்

அம்மா, அந்த டீச்சர் ஒரு பள்ளிக்கு மட்டும் உரியவர் அல்ல. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் வட்டார வள மையத்திலிருந்து பல பள்ளிகளுக்குப் போய் வருகிறார்கள். பி.ஆர்.சி. என்று பள்ளியில் சொல்வது இந்த மையத்தைத்தான். தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் விகிதம் சொன்னது. அதற்கும் நம் பள்ளிகளின் நிலைக்கும் தூரம் அதிகம். போதாக்குறைக்கு, இதே திட்டத்துக்காக 2024–25இல் ஒன்றிய அரசிடமிருந்து வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் கல்விக் கொள்கைத் தகராறில் நின்றுபோனது. இரண்டு அரசுகளின் சண்டையில் பட்டாபிராமில் ஒரு பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குக் கோபமூட்டுகிறது. கோபத்தோடு நிற்காமல் வேலையைப் பார்ப்போம்.

திட்டத்தை அந்த டீச்சர் வராத நாட்களுக்காகவே போடச் சொல்லுங்கள். அவர் வரும் நாளில் பேரனுக்குச் சொல்லித் தருவது பாதி வேலை. வகுப்பாசிரியருக்கு அடுத்த வரவு வரைக்கும் என்ன செய்வது என்று காட்டிக் கொடுப்பது மீதி. தொடக்க வகுப்பு என்றால் அதற்கு வாய்ப்பும் இருக்கிறது. 2022இல் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம் நடக்கிறது. வயது எதுவானாலும் பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்குவது நமக்குப் புதிதல்ல. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தபோது தரையில் அட்டைகளோடு பிள்ளைகள் தங்கள் வேகத்தில் படித்தார்கள். சில ஆண்டுகளில் அது தமிழ்நாடு முழுக்கப் போனது. பேரன் எந்த நிலையில் இருக்கிறான், இந்த மாதம் எந்த எழுத்துகள், எந்த எண்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அந்தக் கூட்டத்திலும் இதைப் பேச வையுங்கள்.

நான் ஆசிரியை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒருவனுக்கு மட்டும் தனித் திட்டம் என்றால் மற்ற 39 பேர்?
— பூந்தமல்லி

நியாயமான கேள்வி. உங்களை வில்லியாக்கி எழுதும் பெற்றோர் கடிதங்களுக்கு நடுவே இது வந்ததில் எனக்கு மகிழ்ச்சி.

வீட்டுப்பாடத்தை மணி அடித்த பிறகு வேகமாகச் சொல்லாமல், மணிக்குப் பத்து நிமிடம் முன்பே பலகையில் எழுதிப் போடுங்கள். அந்த ஒருவனுக்காகச் செய்கிறீர்கள். பத்துப் பேர் முதல்முறையாக முழுதாக எழுதிக்கொள்வார்கள். கேள்வியை வாசித்துக் காட்டுவது, அன்றைய வேலைகளைப் படமாகச் சுவரில் ஒட்டுவது, பதிலை எழுதவோ சொல்லவோ விடுவது, இவையும் அப்படித்தான். அவனுக்கென்றே தனியாகச் செய்ய வேண்டியது ஒரு நாளில் பத்து நிமிடத்துக்கு மேல் இருந்தால், அந்தத் திட்டத்தைப் போட்டவர் உங்கள் வகுப்பைப் பார்க்காமல் போட்டிருக்கிறார். நடக்காத திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நடக்கக்கூடிய ஒன்றை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

ஆறு மாதத்தில் ஆட்டிசத்தை முழுக்கக் குணமாக்குகிறோம் என்கிறது ஒரு தெரபி சென்டர். முன்பணம் கேட்கிறார்கள்.
— ஒரு தாய், திருநின்றவூர்

கொடுக்காதீர்கள்.

ஆட்டிசம் நோய் அல்ல, ஆறு மாதத்தில் போவதற்கு. நல்ல தெரபி பிள்ளையின் பேச்சை, பழக்கத்தை, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் திறனை வளர்க்கும். அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவரிடம் போக வேண்டாம். எந்த சென்டரானாலும் முதல் கேள்வி: "உங்கள் ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன?" சிறப்புக் கல்வியாளர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் எல்லோரும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டாவது கேள்வி: "தெரபி நடக்கும்போது நான் உள்ளே உட்காரலாமா?" கூடாது என்றால் காரணம் கேளுங்கள். வீட்டில் தொடர்ந்து செய்ய வேண்டியவர் நீங்கள். பார்க்காமல் எப்படிக் கற்றுக்கொள்வீர்கள்?

மகளுக்குக் குறைபார்வை, ஆறாம் வகுப்பு. பார்வையற்றோர் பள்ளியில் சேர்ப்பதா, இருக்கும் பள்ளியிலேயே விடுவதா? வீட்டில் இரண்டு கட்சி.
— ஒரு தாய், குமணன்சாவடி

முடிவு பள்ளிக்கூட வாசலில் இல்லை, கண் மருத்துவரிடம் இருக்கிறது. அவரிடம் ஒன்றே ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: இந்தப் பார்வை இப்படியே நிற்குமா, மெல்லக் குறையுமா?

நிற்கும் என்றால், பெரிய எழுத்துப் புத்தகம், உருப்பெருக்கி, வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து விழும் இருக்கை, கறுப்பு மை கொண்ட தடித்த பேனா, பலகையில் எழுதுவதை டீச்சர் வாயாலும் சொல்வது, இவ்வளவோடு இருக்கும் பள்ளியிலேயே நன்றாகப் படிக்கலாம். எவ்வளவு பெரிய எழுத்து, எவ்வளவு நேரத்தில் கண் களைக்கிறது என்பதை வீட்டிலேயே அளந்து திட்டத்தில் சேருங்கள். களைத்த கண்ணோடு கடைசிப் பீரியடில் கணக்குப் பாடம் வந்தால் அவளுக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

குறையும் என்றால், பார்வை இருக்கும்போதே பிரெய்ல் தொடங்குங்கள். இந்த விஷயத்தில் உங்களைப்போல் அதிர்ஷ்டமான இடத்தில் இருப்பவர் குறைவு. பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, தலைமையகம் டேராடூனில். பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும் பூந்தமல்லியில்தான். ஒருநாள் மகளோடு போய், ஒரு பிள்ளை பிரெய்ல் சிலேட்டில் எழுதுவதைப் பாருங்கள். தடித்த தாளைச் சிலேட்டுக்குள் வைத்து, ஒவ்வொரு சின்னக் கட்டத்துக்குள்ளும் ஊசிபோன்ற கோலால் புள்ளி குத்திக்கொண்டு வலமிருந்து இடமாகப் போவார்கள். தாளைப் புரட்டினால் புள்ளிகள் மேடாகி நிற்கும். விரல் இடமிருந்து வலமாக வாசிக்கும். எழுதும் திசை ஒன்று, படிக்கும் திசை ஒன்று. பார்க்கும்போது கடினமாகத் தோன்றும், சின்ன விரல்கள் சீக்கிரம் பழகிவிடும். தமிழுக்கும் மற்ற இந்திய மொழிகளுக்கும் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இலிருந்து இருக்கிறது.

சட்டம் உங்கள் இரண்டு கட்சிக்கும் இடம் தருகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, விரும்பிய இடத்தில் இலவசக் கல்வி என்கிறது 2016 சட்டத்தின் 31ஆம் பிரிவு. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொந்தக் கருத்து இருக்கும். மூன்றாவது கட்சியாக அவளையும் கேளுங்கள்.

"எங்களிடம் வசதி இல்லை, ஸ்பெஷல் ஸ்கூலில் சேருங்கள்" என்று தனியார் பள்ளி ஒன்று திருப்பி அனுப்பிவிட்டது.
— ஒரு தந்தை, முகப்பேர்

அதையே எழுத்தில் கேளுங்கள். பல பள்ளிகள் வாயால் சொல்வதைத் தாளில் சொல்லாது, ஏனென்றால் அது சட்டத்துக்கு விரோதம் என்று அவர்களுக்குத் தெரியும். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி, குறைபாட்டைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. சேர்க்கைக்குத் தேர்வோ நேர்காணலோ வைப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்கான பிரிவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் 2012 திருத்தத்திலிருந்து உண்டு. சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் ஸ்பெஷல் எஜுகேட்டரை நியமிக்கச் சொல்லி வாரியமே உத்தரவு போட்டிருக்கிறது. "வசதி இல்லை" என்பது அவர்கள் செய்யத் தவறியது. மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் எழுதலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்து: சண்டை போட்டு வாங்கிய இடத்தில் பிள்ளையை மனமில்லாமல் வைத்திருப்பார்களோ என்றும் யோசியுங்கள். புகாரை விடாதீர்கள், அடுத்து வரும் பிள்ளைக்கு அது உதவும். கூடவே, "கூட்டி வாருங்கள், பார்க்கிறோம்" என்று சொல்லும் சின்னப் பள்ளி ஏதாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

வகுப்பில் மகனோடு உட்கார்ந்து உதவும் ஷேடோ டீச்சரை நாங்களே சம்பளம் கொடுத்து வைக்க வேண்டுமாம். எத்தனை வருடம்?
— ஒரு தாய், ஐயப்பன்தாங்கல்

நியாயமான உதவியைத் தர வேண்டியது பள்ளி. செலவை அப்படியே உங்கள் தலையில் கட்டுவதை எதிர்த்துக் கேளுங்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால், எந்தப் பீரியடில் அவர் விலகி உட்காருவார், எந்த மாதத்தில் எந்தப் பீரியடுக்கு வரவே மாட்டார் என்று திட்டத்தில் எழுதுங்கள். நாள் முழுக்க ஒட்டியே உட்கார்ந்திருக்கும் ஷேடோவால் பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைகளே உங்கள் மகனிடம் பேசாமல் போய்விடுவார்கள்.

பத்தாம் வகுப்பு. டிஸ்லெக்ஸியா. ஸ்கிரைப் வைத்து எழுதினால் மார்க்குக்கு மதிப்புக் குறையாதா?
— ஒரு தந்தை, அம்பத்தூர் ஓ.டி.

குறையாது. விடை அவனுடையது, கை மட்டும் இன்னொருவருடையது. குடிமைப் பணித் தேர்வுக்கு ஸ்கிரைப் கேட்டு மறுக்கப்பட்ட விகாஷ் குமார் என்பவரின் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 40 சதவீதச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் எழுதச் சிரமப்படுபவருக்கு ஸ்கிரைப் உரிமை உண்டு என்றது. அதே ஆண்டு நவம்பரில், நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்ட அவ்னி பிரகாஷ் என்ற மாணவியின் வழக்கிலும் தவறு தேர்வு நடத்தியவர்கள் மீதுதான் என்றது. அவருக்கு இருந்தது எழுத்துக் குறைபாடு. உங்கள் மகன் கேட்பது சலுகை என்று யாராவது முகம் சுளித்தால் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

மாநில வாரியத்தில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவை உண்டு. சி.பி.எஸ்.இ.யில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல். இரண்டுக்கும் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பம். அரையாண்டுக்குப் பிறகு ஓடாமல் ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரைப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பிலேயே பார்த்திருந்தால் இன்னும் நல்லது.

இதைவிட முக்கியம் பயிற்சி. விடையைச் சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. "அடுத்த பத்தி", "அதை அடித்துவிடுங்கள்", "முக்கோணம் போடுங்கள், மேல் முனைக்கு ஏ என்று பெயர்" என்று வாக்கியத்தை முழுதாக யோசித்துவிட்டு வாய் திறக்க வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் இதைச் சொல்லக் கூச்சமும் வரும். காலாண்டு, அரையாண்டு, எல்லாத் தேர்விலும் அவனை அப்படியே எழுத விடுங்கள். வீட்டில் நீங்களே ஸ்கிரைப்பாக உட்காருங்கள். அவன் சொல்லாத ஒரு சொல்லையும் எழுதாதீர்கள், பிழையாக இருந்தாலும்.

மொழி விலக்கைப் பற்றி ஒரு சொல். தேர்விலிருந்து தமிழுக்கு விலக்கு வாங்கலாம், வாழ்க்கையிலிருந்து வாங்க முடியாது. காதால் கேட்கும் கதையாகவாவது தமிழ் அவனோடு இருக்கட்டும்.

எட்டாம் வகுப்பிலேயே மகள் மிகவும் திணறுகிறாள். என்.ஐ.ஓ.எஸ்.ஸுக்கு மாற்றச் சொல்கிறார்கள்.
— ஒரு தாய், திருவேற்காடு

தேசியத் திறந்தவெளிப் பள்ளி நல்ல வழிதான். பத்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம் போதும், ஓவியம், மனையியல் போன்றவற்றை எடுக்கலாம், ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம். ஆனால் யோசனை யாருக்காக வருகிறது என்று பாருங்கள். அவளுக்காக என்றால் சரி. பள்ளியின் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்காக என்றால், "இதுவரை அவளுக்கு என்ன திட்டம் போட்டீர்கள், காட்டுங்கள்" என்று கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். மாறினாலும் வீட்டில் தனியே உட்கார வைத்துவிடாதீர்கள். அவளுக்கு வகுப்புத் தோழிகள் வேண்டும்.

என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். அவனைப் பிடிக்கும். ஆனால் அம்மாவுக்கு எனக்கென்று நேரமே இல்லை. இப்படி நினைப்பது தப்பா?
— பத்தாம் வகுப்பு மாணவி, ஆவடி

தப்பே இல்லை, கண்ணு. தம்பியைப் பிடிப்பதும் அம்மா வேண்டும் என்று தோன்றுவதும் ஒரே மனத்தில் இருக்கலாம். இந்தக் கடிதத்தை அப்படியே அம்மாவிடம் காட்டு. சொல்லத் தயக்கமாக இருந்தால் பக்கத்தை மடித்து அடுப்பங்கரை மேடையில் வைத்துவிடு.

அம்மாவுக்கு: தம்பியின் வாராந்தரத் தாளில் ஒரு கட்டம் இவளுக்கு. ஞாயிறு காலை ஒரு மணி நேரம், தம்பி அப்பாவோடு. நீங்களும் இவளும் மட்டும். அதைத் தெரபி நேரத்தைப்போலத் தவறாமல் வையுங்கள். தம்பிக்குப் பாடம் சொல்லித் தரும் வேலையை இவளுக்கு நிரந்தரமாகக் கொடுக்காதீர்கள். பொதுத்தேர்வு எழுதப் போகும் பிள்ளை.

எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "உங்கள் மாவட்டம் இது இல்லை" என்கிறார்கள். பேரனுக்கு அறிவுசார் குறைபாடு. கூட்டிக்கொண்டு அலைய முடியவில்லை.
— ஒரு தாத்தா, அம்பத்தூர்

ஐயா, இந்தப் பக்கத்தில் எல்லோரும் சந்திக்கும் குழப்பம் இது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்துக்கு வந்தது. சாலையைப் பிடித்து மேற்கே போனால் வரும் ஆவடியும், தெற்கே பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். ஆகவே உதவித்தொகைக்கு நீங்கள் போக வேண்டியது சென்னை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்; ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் முகவரி ஒன்றாக இருக்கட்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான மாதாந்தரப் பராமரிப்பு உதவி 2023இலிருந்து 2,000 ரூபாய். பள்ளி விஷயத்துக்கு மட்டும், எந்த வட்டார வள மையம் என்று தலைமையாசிரியரிடமே கேளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் எல்லைகள் எப்போதும் வருவாய் மாவட்டத்தோடு ஒத்துப்போவதில்லை. அந்த மையத்தில் மருத்துவ முகாம் நடக்கும் தேதியையும் கேட்டு வையுங்கள். மதிப்பீட்டுக்காகப் பல மருத்துவமனை ஏறி இறங்குவது குறையும்.

அலைச்சலுக்கு ஒரு சின்ன ஆறுதல்: 2021இலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. பேரனுக்கும் உங்களுக்கும் சேர்த்து. பள்ளிக்கு வரவே முடியாத நிலை என்றால், வீட்டுக்கே வந்து சொல்லித் தரும் ஏற்பாடும் சட்டத்தில் இருக்கிறது. அதையும் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

நாளை காலை பள்ளியில் கூட்டம். பிரின்சிபால், வகுப்பு டீச்சர், ஸ்பெஷல் எஜுகேட்டர் மூவரும் இருப்பார்கள். எனக்கு இங்கிலீஷ் வராது. எதைப் பேசுவது?
— ஒரு தாய், காட்டுப்பாக்கம்

தமிழில் பேசுங்கள். அவர்களையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளையைப் பற்றி அந்த அறையில் அதிகம் தெரிந்தவர் நீங்கள்.

முதலில் பிள்ளைக்கு எது வருகிறது என்று சொல்லுங்கள்: பாட்டு, படம், எதையாவது பிரித்து மாட்டுவது, தம்பியைப் பார்த்துக்கொள்வது, எதுவானாலும். வராததைப் பற்றி அவர்கள் எப்படியும் பேசுவார்கள். பிறகு ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், இந்தப் பருவத்துக்குள் மாற வேண்டியது என்று நீங்கள் நினைப்பது. ஐந்தாறு கேட்டால் ஒன்றும் நடக்காது. அதற்கு யார், எந்த நேரத்தில், எதைச் செய்வார் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். வீட்டில் நீங்கள் எதைச் செய்வீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அதுவும் உங்களால் முடிந்த அளவுக்கு மட்டும். அடுத்து எந்தத் தேதியில் உட்காருவோம் என்று கேட்காமல் எழுந்திருக்காதீர்கள். நோட்டில் ஒரு பக்கத்தில் பேசியதையெல்லாம் எழுதச் சொல்லி, தேதி போட்டு, நால்வரும் கையெழுத்திட்டதும் அதை போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.